அறியாத கரையை நோக்கி

1884-ஆம் ஆண்டு கல்கத்தாவில் வழக்கறிஞர் விசுவநாத தத்தர் திடீரெனக் காலமானார். செல்வத்தில் திளைத்த குடும்பம் ஒரே நாளில் கடனில் மூழ்கியது. மூத்த மகன் நரேந்திரர் வேலை தேடி வெயிலில் அலைந்தார். வீட்டில் உணவு போதாத நாட்களில், வெளியே விருந்துக்கு அழைப்பு வந்திருப்பதாகத் தாயிடம் கூறிவிட்டுப் பட்டினி கிடந்தார். கடவுள் கருணைமிக்கவரா என்ற கேள்வி அவர் உள்ளத்தை வாட்டியது.

குடும்பத்தின் துயர் தீரப் பிரார்த்திக்குமாறு அவர் ஸ்ரீராமகிருஷ்ணரை வேண்டினார். காளியன்னையிடம் நீயே சென்று கேள் என்று குருதேவர் அவரை அனுப்பினார். தட்சிணேசுவரத்துக் கோயிலில் அன்னையின் முன் நின்ற நரேந்திரருக்குப் பொருளைக் கேட்க நா எழவில்லை. விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி ஆகியவற்றையே வேண்டினார். மூன்று முறை சென்றும் அவ்வாறே நிகழ்ந்தது. இறுதியில், அவருடைய குடும்பத்திற்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவிராது என்று குருதேவர் அருளினார். நாளைய கவலையை இறைவனிடம் ஒப்படைக்கும் பாடத்தை நரேந்திரர் அன்று கற்றார்.

அந்தப் பாடத்திற்குக் கடும் சோதனை ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்தது. 1893 மே 31 அன்று, வடகிழக்கே டிராம்பே குன்றுகளைக் கொண்ட பம்பாய்த் துறைமுகத்திலிருந்து அவர் சுவாமி விவேகானந்தராகக் கப்பலேறினார். சிகாகோவின் சர்வமத மகாசபைக்குச் செல்வது நோக்கம். ஆனால் அழைப்புக் கடிதம் எதுவும் அவரிடம் இல்லை. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று திரட்டிய நிதியும், கேத்ரி மன்னர் செய்த உதவியும், குருவின் திருவருளில் கொண்ட நம்பிக்கையுமே அவருடைய கைம்முதல்.

ஜூலை இறுதியில் சிகாகோவை அடைந்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. சபை செப்டம்பரில்தான் கூடும். அத்தாட்சிக் கடிதமின்றிப் பிரதிநிதியாக முடியாது. பெயர் பதிவு செய்யும் காலமும் கடந்துவிட்டது. கையிருப்பு வேகமாகக் கரைந்தது. குளிருக்கேற்ற உடையும் இல்லை. சுவாமிஜி கலங்காமலில்லை, ஆயினும் திரும்பிச் செல்லவில்லை. செலவு குறைவு என்பதால் பாஸ்டன் நகரை நாடினார். ரயிலில் அறிமுகமாகியிருந்த கேட் சான்பார்ன் அம்மையார் தமது பண்ணை வீட்டில் இடமளித்தார். அங்கிருந்தபோது ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் நட்புக் கிட்டியது. வேண்டிய அறிமுகக் கடிதத்தை அவரே எழுதிக் கொடுத்தார்.

சிகாகோவுக்குத் திரும்பியபோது சபைக் குழுவின் முகவரி தொலைந்து போயிருந்தது. அன்றிரவு ரயில் நிலைய முற்றத்தில் நின்ற காலிச் சரக்குப் பெட்டியில் சுவாமிஜி உறங்கினார். காலையில் பசியோடு நடந்தார். தட்டிய கதவுகள் அடைபட்டன. இனி இறைவன் விட்ட வழி என்று தெருவோரம் அமர்ந்தார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. திருமதி ஹேல் என்ற அம்மையார் வந்து விசாரித்து, உணவளித்து, அவரைச் சபைக் குழுவினரிடம் அழைத்துச் சென்றார். செப்டம்பர் 11 அன்று மேடையில் அவருக்கு நெஞ்சம் படபடத்தது, நா வறண்டது. கலைமகளை மனத்தால் வணங்கிப் பேசத் தொடங்கினார். பிறகு நிகழ்ந்ததை உலகம் அறியும்.

அப்பயணத்தின் பலன் சபையோடு முடியவில்லை. யோகோஹாமாவிலிருந்து வான்கூவர் சென்ற கப்பலில் ஜாம்ஷெட்ஜி டாட்டா அவருடைய சகபயணி. அந்த உரையாடலை நினைவுகூர்ந்து, அறிவியல் ஆய்வு நிலையம் அமைக்கும் தம் திட்டத்திற்குச் சுவாமிஜியின் துணையைக் கோரி 1898-இல் டாட்டா கடிதம் எழுதினார். அந்த நிலையம் 1909-இல் பெங்களூரில் உருவானது. அங்குப் பணியாற்றிய ஹோமி பாபாவின் தலைமையில் 1954-இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் அமைந்தது. சுவாமிஜி 1902-லும் டாட்டா 1904-லும் மறைந்துவிட்டனர். தாம் கண்ட கனவின் விளைவை இருவருமே காணவில்லை.

இறைவனை நம்பியவருக்குப் பசியும் குளிரும் அச்சமும் வராமல் இருப்பதில்லை. சுவாமிஜிக்கு அவை அனைத்தும் வந்தன. முடிவு இன்னதென்று அவருக்கு முன்கூட்டியே காட்டப்படவுமில்லை. அன்றன்று செய்ய வேண்டியதை அவர் செய்தார். எஞ்சியதை அன்னையின் திருவடியில் வைத்தார். வேலையின்றித் தவிக்கும் இளைஞருக்கும், நோயுற்றவரின் அருகே விழித்திருக்கும் தாய்க்கும் இந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. நமக்கு வேண்டியது அடுத்த அடியை எடுத்து வைக்கும் துணிவு. பாதை முழுவதையும் அறிந்தவன் உடன் வருகிறான்.