யார் இந்த எஸ்.எஸ்.பிள்ளை? பள்ளிக்கூடக் கணக்கிலிருந்து உலகப் புதிர் வரை

ஆழ்வார்குறிச்சியில் செங்கோட்டை ரயில் ஏறி, தென்காசி தாண்டினால் குற்றாலச் சாரல் வீசும் ஊர்கள் வரும். அதில் ஒன்று வல்லம். 1901 ஏப்ரல் 5-ம் தேதி சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை பிறந்தது இங்கேதான். கணித உலகில் அவர் பெயர் எஸ்.எஸ்.பிள்ளை. நம்ம ஊரிலேயே பலருக்கு இவரைத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

பிறந்த அடுத்த வருஷமே அம்மா இறந்துவிட்டார். செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு. பள்ளியை முடிக்கும் முன்பே அப்பாவும் போய்விட, படிப்பு நிற்கும் நிலை. அப்போது சாஸ்திரியார் என்ற ஆசிரியர் பண உதவி செய்து படிக்க வைத்தார். அவர் மட்டும் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

பிறகு நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

பேப்பர், பேனா எடுங்க. 23-ஐ கன எண்களின் கூட்டலாக எழுதணும். 27 பெரிசு, அது ஆகாது. மிச்சம் இருப்பது 8-ம் 1-ம்தான். இரண்டு 8, ஏழு 1. மொத்தம் ஒன்பது எண்கள் தேவை. எந்த எண்ணுக்கும் ஒன்பது கன எண்கள் போதும். சரி, ஆறாம் அடுக்கு என்றால்? 703-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அது தாண்டிவிடும். பத்து 64, அறுபத்து மூன்று 1. ஆக 73.

இதுவரை எட்டாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். எந்த எண்ணுக்கும் 73 போதும் என்று நிரூபிப்பதுதான் மலை. 1770-ல் இங்கிலாந்தின் வாரிங் எழுப்பிய இந்தக் கேள்வியில், ஆறாம் அடுக்குக்கான விடையை 1940-ல் நிரூபித்தவர் பிள்ளை. அதற்கு முன்பே 1936 வாக்கில் அதைவிடப் பெரிய அடுக்குகளையும் கிட்டத்தட்ட தீர்த்திருந்தார். அதே சமயத்தில் அமெரிக்காவின் டிக்சனும் தனியாக அந்த முடிவுக்கு வந்தார். நான்காம் அடுக்குக்கு விடை 1986-ல்தான் வந்தது. நிரூபித்த மூவரில் ஒருவர் ஆர்.பாலசுப்பிரமணியன்.

வகுப்பில் போட இன்னொன்றும் இருக்கு. அடுத்தடுத்த 16 எண்கள் வரை எதை எடுத்தாலும், மற்ற எல்லாவற்றோடும் பொதுக்காரணி இல்லாத ஓர் எண் அதில் கட்டாயம் இருக்கும். 17 எண்கள் என்றால் இது பொய்க்கலாம். 2184 முதல் 2200 வரை பாருங்கள், அப்படி ஓர் எண் சிக்காது. இதையும் காட்டியவர் பிள்ளைதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, இந்தப் பதினேழு எண்களை போர்டில் எழுதிப்போட்டு தேடச் சொன்னால் பிள்ளைகளே காரணி பிரித்துப் பழகிவிடுவார்கள்.

1942-ல் கல்கத்தா போனார். பின்னர் பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடக்கும் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளக் கிளம்பினார். 1950 ஆகஸ்ட் 31, கெய்ரோவிலிருந்து புறப்பட்ட விமானம் தீப்பிடித்துப் பாலைவனத்தில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். பிள்ளைக்கு அப்போது வயது 49.

மாநாடு அவர் இல்லாமலே நடந்தது.