படிப்பை இழந்த பெண்களுக்கு வழி திறந்த துர்காபாய் தேஷ்முக்

அரசின் நிதியும் தன்னார்வலர்களின் உழைப்பும் இணைந்தால்தான் நலத்திட்டங்கள் கிராமப்புறப் பெண்களைச் சென்றடையும் என்று கருதி, அதற்கான அமைப்பை நாடு முழுவதும் உருவாக்கியவர் துர்காபாய் தேஷ்முக்.

ராஜமுந்திரியில் 1909-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி பிறந்த அவருக்கு எட்டு வயதிலேயே திருமணம் நடைபெற்றது. வளர்ந்த பின் அந்த உறவிலிருந்து விலகினார். ஆங்கிலவழிக் கல்வியை எதிர்த்துச் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு வெளியேறிய அவர், சிறுமியருக்கு இந்தி கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். 1923-ஆம் ஆண்டு காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடைபெற்ற கதர்க் கண்காட்சியில் தொண்டராகப் பணியாற்றியபோது, நுழைவுச்சீட்டு இல்லாமல் வந்த ஜவாஹர்லால் நேருவையே வாயிலில் தடுத்து நிறுத்தினார்.

உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றதற்காக 1930 முதல் 1933 வரையிலான காலத்தில் மூன்று முறை சிறை சென்றார். மதுரையில் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார். வேலூர் சிறையில், எந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோம் என்பதைக்கூட அறியாத, எழுத்தறிவற்ற பெண் கைதிகளைக் கண்டார். அந்த அனுபவமே அவரது வாழ்வின் திசையைத் தீர்மானித்தது. விடுதலைக்குப் பின் பாதியில் விட்ட படிப்பைத் தொடர்ந்து, ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1942-இல் சென்னையில் சட்டப் படிப்பையும் நிறைவு செய்தார்.

இதனிடையே, 1937-இல் சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவினார். பெண்களை மெட்ரிகுலேஷன் தேர்வுக்குத் தயார்படுத்தும் வகுப்புகளுடன் வளர்ந்த அந்தச் சபை, பின்னர் மகப்பேறு மருத்துவமனை, செவிலியர் பயிற்சி எனச் சுகாதாரத் துறையிலும் கால்பதித்தது.

அரசியல் நிர்ணய சபையிலும் திட்டக் குழுவிலும் உறுப்பினராக இருந்த அவர், 1953-இல் அப்போதைய நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக்கை மணந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமைக்கப்பட்ட மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். தன்னார்வ அமைப்புகளுக்கு நிதியுதவி வழங்கிய வாரியம், கிராமங்களில் மகப்பேறு உதவி, குழந்தைகளுக்கான பால்வாடி, பெண்களுக்கான எழுத்தறிவு, கைத்தொழில் பயிற்சி ஆகியவற்றை ஒரே திட்டத்தின் கீழ் கொண்டுவந்தது.

இப்பணிகளுக்குப் பயிற்சி பெற்ற பெண்கள் கிடைக்காததே பெரும் தடையாக இருந்தது. மறுபுறம், கணவரை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் போதிய படிப்பின்றி, வருவாய்க்கு வழியற்று இருந்தனர். இரண்டுக்கும் ஒரே தீர்வாக, வயது வந்த பெண்களுக்கான சுருக்கப் பாடத்திட்டம் 1958-இல் தொடங்கப்பட்டது. பல ஆண்டுப் பள்ளிப் படிப்பைக் குறுகிய காலத்தில் முடித்து, செவிலியர், மருத்துவச்சி, ஆசிரியை, கிராம சேவகி ஆகிய பணிகளில் சேர இது வழிவகுத்தது. தன்னைப் போலவே படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு அவர் அளித்த இரண்டாவது வாய்ப்பு இது.

1975-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 1981-ஆம் ஆண்டு மே 9-ஆம் தேதி அவர் காலமானார். சீனப் பயணத்துக்குப் பின் 1950-களிலேயே அவர் வலியுறுத்திய குடும்ப நீதிமன்றங்களுக்கான சட்டம், அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1984-இல் நிறைவேறியது.