புடவை மூட்டையோடு லயத்துக்குப் போன நடேசய்யர்

வெளியாரைத் துரைமார் தோட்டத்துக்குள் விடாத காலம். தஞ்சாவூரில் பிறந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரிபோல் மூட்டை சுமந்து லயங்களுக்குப் போனார். அங்கு கண்டதை எழுதினார்.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் இருவரும் தோழர்கள். வேலை இலங்கையருக்கே முதலில் என்று குணசிங்க திரும்பியதும் அந்த உறவு முறிந்தது. வேலை குறைந்த மந்த காலத்தில் அக்கோஷம் இன்னும் உரத்தது.

1931 இல் ஐயர் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். பாட்டுப் பாடிச் சனத்தைத் திரட்டியவர் மனைவி மீனாட்சியம்மாள். அவரைப் பற்றி நாம் பேசுவது குறைவு. 1936 இல் அட்டன் தொகுதி ஐயரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

1939 இல் குணசிங்கவின் பழைய கோஷம் அரச உத்தரவானது: உள்நாட்டவருக்கு வேலை கொடுக்க, திணைக்களங்களின் இந்திய நாட்கூலிகள் நீக்கப்பட்டனர்.

ஐயர் 1947 இல் மறைந்தார். அவருக்கு வாக்களித்த லயத்துச் சனம் அடுத்த வருடமே பிரஜாவுரிமை இழந்தது.