இரண்டு சில்லில் இமயம் வரை

பதுளையிலிருந்து ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்குத் துவிச்சக்கரவண்டியில் சென்றவர்கள் மலையேற்றம் இன்னதென்பதை நன்கறிவர். சுமார் 25 மைல் தூரத்துள் பாதை ஏறக்குறைய 2,500 அடி உயர்ந்துவிடுகின்றது. தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறும் அப்பாதையில், பாதி வழியில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்காத இளைஞர் எம்முள் எத்தனை பேர் இருப்பர்? சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் இறுதியில், ஏற்றத்திற்கேற்பப் பற்சில்லை மாற்றும் வசதி வண்டிகளுக்குப் பொதுவாக இல்லாத காலத்தில், நீண்ட பாவாடை அணிந்த ஒரு மாது இந்தியா, இலங்கை, பர்மா, யாவா ஆகிய நாடுகளில் சுமார் 14,000 மைல் தூரத்தை மிதித்தே கடந்தார். பனி புல்லொக் வேர்க்மன் என்பது அவர் பெயர். எம் நாவில் அப்பெயர் ‘பனி’ என்று வருவது தற்செயலே. எனினும், பிற்காலத்தில் பனிமலைகளையே வாழ்வாகக் கொண்ட அம்மையாருக்கு அது பொருந்தாத பெயரன்று.

1859 ஜனவரி 8ஆந் திகதி அமெரிக்காவின் மசசூசெற்சு மாநிலத்து ஊஸ்ரர் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர், செல்வத்திற்குக் குறைவில்லை. 1882இல் தம்மிலும் பன்னிரண்டு வயது மூத்த வைத்தியர் வில்லியம் ஹன்ரர் வேர்க்மன் என்பாரை மணந்தார். அவ்வைத்தியரே மனைவியை மலைக்கு அழைத்துச் சென்ற முதல் ஆசிரியர். நியூ ஹாம்சயர் மாநிலத்தில் 6,288 அடி உயர்ந்து நிற்கும் வாசிங்ரன் மலையில் இருவரும் பல முறை ஏறினர். பதுளை நகருக்குக் காவல்போல் நிற்கும் நமுனுகுல மலையிலும் அது சற்றே தாழ்ந்தது.

1889இல் கணவர் உடல்நலங் காரணமாகத் தொழிலைத் துறந்தார். குடும்பம் ஜேர்மனிக்குப் பெயர்ந்தது. அங்கே அல்ப்ஸ் மலைகள் அம்மையாருக்குப் பயிற்சிக் களமாயின. மொன்புளாங்கு, மற்றர்கோண் முதலிய சிகரங்களில் அவர் ஏறினார். அவ்வாண்டுகளிலேயே பெருந்துயரமும் வந்துற்றது. 1889இல் பிறந்த மகன் சீக்பிரீட் 1893இல் நோயுற்று இறந்தான். மூத்தவளான மகள் றேச்சல் விடுதிப் பள்ளியில் வளர்ந்தாள். பெற்றோர் இருவரும் அதன் பின் ஓரிடத்தில் நிலைத்து வாழவில்லை. தாய் ஒருத்தி மகளைப் பிறர் பொறுப்பில் விட்டு ஊர் சுற்றலாமா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு, இன்றும் கேட்பர். துயரத்தை வீட்டினுள் பூட்டி வைத்திருக்க எல்லோராலும் இயலுவதில்லை என்பதற்கு மேல் நாம் கூற ஒன்றுமில்லை.

அப்போதுதான் சம அளவான இரு சில்லுகளும் காற்றடைத்த டயர்களும் கொண்ட வண்டி எங்கும் பரவிக்கொண்டிருந்தது. 1895இல் தம்பதிகள் அல்ஜீரியாவிலும், பின்னர் ஸ்பெயின் நாட்டிலும் அவ்வண்டியில் யாத்திரை செய்தனர். ஸ்பெயினில் மட்டும் 2,800 மைல். நாளொன்றுக்குச் சராசரி நாற்பத்தைந்து மைல். சில நாட்களில் எண்பது. இந்திய யாத்திரைக்கு அவர்கள் பெற்ற பயிற்சி இதுவே. உடற்பயிற்சிக் கூடமோ, காலம் குறித்து ஓட்டம் பழக்கும் ஆசானோ அவர்களுக்கு இல்லை. ஒரு நாட்டின் பாதை அடுத்த நாட்டின் பாதைக்குப் பயிற்சி. சிறிய மேடு பெரிய மேட்டுக்குப் பயிற்சி. கால்களை விடவும் வயிறும் தூக்கமுமே அதிகம் பழக வேண்டியிருந்தன என்று அவர்கள் வாழ்ந்த முறையைக் கொண்டு ஊகிக்கலாம்.

1897 நவம்பரில் கீழைநாட்டு யாத்திரை தொடங்கியபோது அம்மையாருக்கு வயது 38, கணவருக்கு 50. தேயிலை, சீனி, விசுக்கோத்து, பாற்கட்டி, தகரத்தில் அடைத்த இறைச்சி, தண்ணீர், ஆளுக்கொரு கம்பளி, தலையணை, எழுதுபொருள், மருந்து, வண்டி திருத்தும் கருவிகள் ஆகியவற்றையெல்லாம் தத்தம் வண்டியிலேயே ஏற்றிச் சென்றனர். முள் நிறைந்த பாதைகளில் ஒரே நாளில் நாற்பது முறை வரை டயர் ஒட்ட நேர்ந்ததுண்டு. தங்குமடம் கிடைக்காத இரவுகளில் புகையிரத நிலையத்துப் பயணிகள் அறையே படுக்கையாயிற்று. இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரை மட்டும் 4,000 மைல். வழியெங்கும் கோயில்களையும் சிற்பங்களையும் தேடிப் பார்த்துப் படம் பிடித்தனர். அவ்வனுபவங்கள் 1904இல் பெரியதொரு நூலாக வெளிவந்தன.

அவ்வாண்டுகளின் ஊவாவை இங்கே சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். புகையிரதம் 1894இல் பண்டாரவளையை எட்டியிருந்தது. பதுளைக்கு அது வந்தது 1924இலேதான். இம்மலைகளில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தோரில் பலர் மன்னாரில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாகக் கால்நடையாக ஏறியவர்கள். பிள்ளையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து அவர்களுட் பெண்களும் நடந்தனர். அம்மையாருடைய ஒவ்வொரு மைலும் நூலில் உண்டு. இவர்களுடைய மைல்களை எண்ணியவர் யார்?

இவ்வேற்றுமை அம்மையாரின் வாழ்விலும் ஒரு திருப்பத்தில் முகங்காட்டுகின்றது. 1898 கோடையில் சமவெளியின் வெப்பந் தாளாது, வண்டிகளை விட்டுத் தம்பதிகள் லடாக்குப் பக்கம் சென்று, 14,000 அடி முதல் 18,000 அடி வரை உயர்ந்த கணவாய்களை நடந்தே கடந்தனர். மலைமீது கொண்ட காதல் அன்று முற்றிவிட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் கஞ்சன்சங்காப் பக்கம் செல்லப் பெருமுயற்சி செய்தனர். குளிர்காலம் நெருங்கிவிட்டது. சுமைகாரர் மெல்ல நடந்தனர். பனியைக் கண்டதும் மேலே செல்ல மறுத்தனர். யாத்திரை முறிந்தது. அம்மையார் அவர்களை ‘கூலிகள்’ என்றே எழுதினார். அவர்கள் சோம்பலையும் பிடிவாதத்தையும் கடுமையாகக் குறை கூறினார். அச்சொல்லைக் கேட்டுப் பழகிய எம் மலையக மக்கள் அப்பகுதிகளை வேறு மனத்துடன் படிப்பர். போதிய உடையின்றிப் பனியில் பிறர் சுமையைத் தூக்குபவன் அஞ்சினால் அது பிடிவாதமாகுமா? துவிச்சக்கரவண்டி அம்மையாருக்குத் தம் சுமையைத் தாமே சுமக்கக் கற்பித்தது. பிறர் முதுகில் அதை ஏற்றும்போது எப்படி நடந்துகொள்வதென்பதைக் கற்பிக்கவில்லை. சுமைகாரருடன் பிணக்கு அவர் யாத்திரைகளில் பின்னரும் தொடர்ந்தது.

எனினும், அவர் எட்டிய உயரங்களைக் குறைத்துக் கூறுதல் நீதியன்று. 1899இல் வழிகாட்டி மத்தியாசு சுர்பிறிகனுடன் கரகோரத்தில் மூன்று சிகரங்களில் ஏறினார். அவற்றுள் ஒன்றுக்கு மறைந்த மகனின் பெயரைச் சூட்டினார். மூன்றாவதான கோசர் குங்கே சுமார் 21,000 அடி. அதுவரை எப்பெண்ணும் அவ்வுயரத்தை அடைந்ததில்லை. 1906இல், 47ஆவது வயதில், நுன்-குன் மலைத்தொகுதியின் பினக்கிள் சிகரத்தில் நின்றார். அதன் உயரம் 22,735 அடி எனக் கணக்கிடப்பட்டது. மூன்று நமுனுகுல மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் அதனை எட்டா. 1908இல் அனி பெக் என்னும் அமெரிக்க மாது பெரு நாட்டிலே அதனிலும் உயரமான மலையில் ஏறியதாகக் கூறியபோது, வேர்க்மன் அம்மையார் தம் செலவில் பிரெஞ்சு அளவையாளரை அனுப்பி அம்மலையை அளப்பித்தார். பெக்கின் மலை தாழ்ந்தது என்று தெரிந்தது. இச்செயலில் பெருந்தன்மை இல்லை. ஆனால் அளவு பிழைக்கவுமில்லை.

1911, 1912ஆம் ஆண்டுகளில் சியாச்சென் பனியாற்றை ஆராய்ந்து படம் வரைந்ததே அவரது கடைசிப் பெரும்பணி. அங்கே ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பத்திரிகையைக் கையிலேந்தி நின்று அவர் எடுப்பித்த படம் பலரும் கண்டது. அதே யாத்திரையில் செனோசு என்னும் இத்தாலியச் சுமைகாரர் பனிப்பிளவில் வீழ்ந்து இறந்தார். அம்மையாரே அப்பிளவிலிருந்து சிறிது தூரத்திலேதான் தப்பினார்.

1925 ஜனவரி 22ஆந் திகதி பிரான்சு நாட்டுக் கான் நகரில் அவர் காலமானார். நான்கு அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளுக்கு 125,000 டொலரை உயிலில் எழுதி வைத்திருந்தார். அவரது சாம்பல் பின்னர் பிறந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, கணவரின் சாம்பலுடன் ஒரே கல்லின் கீழ் அடக்கஞ் செய்யப்பட்டது.