நெல்லுக்கு ஒரு வழி, கரும்புக்கு ஒரு வழி: 100 வருஷத்துக்கு முன்பே குளத்துச் செடியில் துப்பு கண்ட ஜெகதீஷ் சந்திர போஸ்

செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி பக்கம் போனால் நெல் வயல்களைப் பார்க்கலாம். கொஞ்ச தூரத்தில் படாளம். அங்கே கூட்டுறவு சர்க்கரை ஆலை, அதை நம்பி கரும்பு போடும் விவசாயிகள். ரெண்டு பயிரும் ஒரே காற்றில் இருந்துதான் கார்பன் டை ஆக்சைடை எடுத்து உணவு தயாரிக்கின்றன. ஆனால் காற்றில் அந்த வாயு கூடினால் நெல்லின் வளர்ச்சி வேகமெடுக்கும், கரும்பு பெரிதாக அசைந்து கொடுக்காது. ஏன்?

இதற்கான ஆரம்பகாலத் துப்பு ஒன்று கிடைத்தது குளத்துச் செடியில். பிடித்தவர், செடிக்கும் உணர்வு உண்டு என்று சொன்னவராகப் பாடப்புத்தகத்தில் நாம் படித்த அதே ஜெகதீஷ் சந்திர போஸ்!

சம்பளம் வாங்காத பேராசிரியர்

1858 நவம்பர் 30ஆம் தேதி, இன்றைய வங்கதேசத்தில் பிறந்தவர் போஸ். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். வெள்ளைக்காரப் பேராசிரியரை விட இவருக்கு சம்பளம் குறைவு. போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. 3 வருஷம் சம்பளத்தைத் தொடாமலேயே பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, பாக்கியையும் சேர்த்து முழுச் சம்பளம் கொடுத்தது.

ரேடியோ அலை ஆராய்ச்சியில் பேர் வாங்கியவர், அப்படியே செடி பக்கம் திரும்பினார். அது லண்டனில் பலருக்குப் பிடிக்கவில்லை. இயற்பியல்காரருக்கு செடியில் என்ன வேலை என்ற எண்ணம். 1901இல் ராயல் சொசைட்டியில் அவர் கொடுத்த கட்டுரை எதிர்ப்பால் அச்சேறவே இல்லை. அதே சொசைட்டி 1920இல் அவரை உறுப்பினராக்கியது தனிக்கதை.

குமிழியைக் கணக்கெடுத்த கருவி

1917இல் கல்கத்தாவில் சொந்த ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அங்கே அவர் கையில் எடுத்தது ஹைட்ரில்லா, அதாவது தண்ணீருக்குள் மூழ்கி வளரும், மீன் தொட்டியில் போடுகிற செடி. வெளிச்சம் பட்டால் இதிலிருந்து ஆக்சிஜன் குமிழி குமிழியாக வரும். எவ்வளவு வேகமாக வருகிறதோ, அவ்வளவு வேகமாக செடி சமைக்கிறது என்று அர்த்தம். கண்ணால் எண்ணினால் தப்பு வரும் என்பதால், தானாகவே பதிவு செய்யும் கருவியைச் செய்தார்.

அதில்தான் வித்தியாசம் தெரிந்தது. கோடையில் எடுத்த ஹைட்ரில்லாவின் சாறு அமிலத்தன்மையோடு இருந்தது. அதிலிருந்த மாலிக் அமிலத்தை, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக செடி பயன்படுத்துகிறது என்று போஸ் கணித்தார். 1924இல் புத்தகமாகவும் போட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1937 நவம்பர் 23ஆம் தேதி கிரிடியில் காலமானார்.

கரும்பு கொடுத்த பதில்

1960களில் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் கரும்பை ஆராய்ந்தவர்கள் விடையைக் கண்டார்கள். கரும்பு, கார்பன் டை ஆக்சைடை முதலில் மாலிக் அமிலம் போன்ற 4 கார்பன் பொருளாகப் பிடித்து வைக்கிறது. பிறகு இலைக்குள் இன்னொரு செல்லில் அதை விடுவித்து, செறிவாக்கி, சர்க்கரை செய்கிறது. நெல்லுக்கு இந்த பம்ப் கிடையாது. அதனால் காற்றில் வாயு கூடினால் லாபம் நெல்லுக்குத்தான். கரும்புக்கு ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்துவிடுகிறது. ஹைட்ரில்லாவிலும் இதே வகை வழி இருப்பது பிற்பாடு உறுதியானது. அப்போதுதான் போஸின் பழைய புத்தகத்தை மறுபடி புரட்டினார்கள்.

போஸ் பிறந்தபோது காற்றில் 10 லட்சம் பங்குக்கு சுமார் 285 பங்கு கார்பன் டை ஆக்சைடு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அப்போ நெல்லுக்குக் கொண்டாட்டமா? அவசரப்பட வேண்டாம். வெப்பமும் சேர்ந்து ஏறுகிறது, பூக்கும் நேரத்தில் கடும் வெயில் அடித்தால் நெல் பதராகும். ஜப்பானிலும் சீனாவிலும் வயலிலேயே இந்த வாயுவைக் கூடுதலாக விட்டுப் பார்த்தார்கள். விளைந்த அரிசியில் புரதம், இரும்பு, துத்தநாகம், சில பி வைட்டமின்கள் எல்லாமே குறைந்திருந்தன.