வேலூர் சேர்த்து வைத்த மூலதனம்

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது வெள்ளை அங்கியும் நுண்ணோக்கியும்தான். ஆனால், குழந்தைகளின் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் ஒரு வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்து, குழந்தைக்கு நேற்று எத்தனை முறை வயிற்றுப்போக்கு ஆனது என்று கேட்கிறார். தாய் கதவைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். அடுத்த வாரமும் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகள் சலிக்காமல் சொல்ல வேண்டும். அந்த நம்பிக்கையை எந்த அரசும் நிதி ஒதுக்கி வாங்கிவிட முடியாது. வேலூரில் அது எப்படிச் சேர்ந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் ஐடா ஸ்கடரின் வாழ்க்கைக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் அவர் ஆராய்ச்சியாளர் அல்லர்.

1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ மிஷனரி. பின்னர் சென்னைக்கு வந்தார். பிள்ளைகளும் அதே வழியில் சென்று, வட ஆர்க்காட்டு மண்ணில் வேரூன்றினார்கள். ஐடாவுக்கு ஆறு வயது ஆகும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. பசியால் நடக்கவும் முடியாத குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டும் வேலை அந்தச் சிறுமிக்கும் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் அமெரிக்காவில் படித்தபோது, இந்தியாவுக்குத் திரும்பவே கூடாது என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை.

தாயின் உடல்நலக் குறைவு காரணமாக 1890-இல் அவர் திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவில் நடந்தது தமிழ்நாட்டில் பலர் அறிந்த கதை. பிரசவத்தில் தவிக்கும் தம் இளம் மனைவியரைக் காப்பாற்ற வேண்டி மூன்று கணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு சாதி இந்து. ஐடா தம் தந்தையை அனுப்ப முன்வந்தார். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இந்த நிகழ்வைத் தெய்வ அழைப்பு என்று சொல்வோர் உண்டு. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. மருத்துவம் அந்த ஊரில் இருந்தது, மருத்துவரும் இருந்தார். அவரை வீட்டுக்குள் அனுமதிக்கும் நம்பிக்கை மட்டும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் வணிகத்தால் செழித்த ஊர்களில்கூட, கோஷா முறையைக் கடைப்பிடித்த குடும்பங்களின் பெண்களுக்குச் செல்வம் மருத்துவத்தை வாங்கித் தந்துவிடவில்லை.

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய புதிதில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1899-இல் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மனைவியின் நினைவாக வழங்கிய 10,000 டாலருடன் வேலூருக்கு வந்தார். வந்த சில மாதங்களிலேயே, 1900-இல், தந்தை காலமானார். வழிகாட்ட ஒருவரும் இல்லாத அந்த இளம்பெண், வீட்டின் ஓர் அறையில் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் சுமார் 5,000 நோயாளிகளைப் பார்த்தார். சமையற்காரரின் மனைவி சலோமியே அவருக்கு முதல் செவிலியர். 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆரணி சாலையில் இன்று கண் மருத்துவமனையாக இயங்குவது அதுதான்.

என் பார்வையில் அவருடைய மிகப்பெரிய சாதனை கட்டடங்கள் அல்ல, குடியாத்தம் சாலைதான். வாரத்தில் ஒரு நாள் அந்தச் சாலை வழியே அவர் போவார். முதலில் குதிரை வண்டி. பிறகு, கண்டவர்களை மிரண்டு ஓடவைத்த ஒரு சிறிய பெஷோ மோட்டார் கார். வழியில் மரத்தடிகளில் மக்கள் காத்திருப்பார்கள். புண் கட்டுவார், மருந்து கொடுப்பார், கண் நோயும் சொறி சிரங்கும் கொண்ட குழந்தைகளை வரிசையாகப் பார்ப்பார். அடுத்த வாரம் அதே நாளில் மீண்டும் வருவார். ஒருமுறை வந்து இலவச மருந்து தந்துவிட்டுப் போகிறவர்களை நம் கிராமங்கள் நிறையப் பார்த்திருக்கின்றன. சொன்ன நாளில் திரும்ப வருபவரைத்தான் அவை நம்பும்.

தனி ஒருவரால் ஒரு மாவட்டத்தைத் தாங்க முடியாது என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். 1909-இல் செவிலியர் பள்ளி. 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மருத்துவம் படிக்க இந்தியப் பெண்கள் முன்வருவார்களா என்று அரசு அதிகாரிகள் ஐயுற்றனர். முதல் அணியில் 14 பேர் படித்து முடித்து, 1922-இல் மருத்துவர்களாக வெளியே வந்தனர்.

அடுத்து வந்த சோதனை, ஒரு நெருக்கடி எப்படி வளர்ச்சியாக மாறும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, பட்டயப் படிப்பை நிறுத்தி எம்.பி.பி.எஸ். மட்டுமே இனி செல்லும் என்று முடிவெடுத்தது. கூடுதல் படுக்கைகள், உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள், முழுமையான ஆய்வகங்கள் எல்லாம் வேண்டும். இல்லையேல் கல்லூரியை மூட வேண்டும். எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா சென்று, போர்க்காலத்தில் ஊர் ஊராக நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி பிழைக்கும் என்ற நிலை வந்தபோது அதற்கும் இசைந்தார். அவருக்காகப் பல ஆண்டுகள் நிதி திரட்டிய தோழி லூசி பீபாடிக்கு அது பெரும் மனவருத்தமாயிற்று. 1942-இல் பல்கலைக்கழக இணைப்பு கிடைத்தது. 1947-இல் ஆண்கள் சேர்ந்தனர். 1950-இல் இணைப்பு நிரந்தரமானது. கட்டாயத்தால் வந்த அந்தத் துறைகளும் ஆய்வகங்களும்தான் பிற்கால ஆராய்ச்சிக்கு அடித்தளம்.

1946-இல் பொறுப்பிலிருந்து விலகிய ஐடா, கொடைக்கானல் மலைவீட்டில் ரோஜாக்களோடு வாழ்ந்து, 1960 மே 24 அன்று மறைந்தார். முதுமையிலும் டென்னிஸ் ஆடுவதை அவர் விடவில்லை என்பார்கள்.

அவர் சேர்த்த மூலதனம் வட்டி ஈட்டத் தொடங்கியது அதன் பிறகுதான். 1970-களில் குழந்தை மருத்துவரும் வைரஸ் ஆய்வாளருமான டி. ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து மேலை நாட்டுக் குழந்தைகளுக்குத் தரும் பாதுகாப்பை வேலூர்க் குழந்தைகளுக்கு மூன்று தவணைகளில் தருவதில்லை என்று கண்டறிந்தார். கூடுதல் தவணைகள் தேவை என்ற அவருடைய வாதம் முதலில் எளிதில் ஏற்கப்படவில்லை. நம் பிள்ளைகளை மீண்டும் மீண்டும் சொட்டு மருந்து முகாம்களுக்கு நாம் தூக்கிச் சென்றதற்குப் பின்னால் இத்தகைய ஆய்வுகள் இருக்கின்றன. 2014-இல் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது.

அடுத்தது ரோட்டா வைரஸ். ககன்தீப் காங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேலூரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தனர். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீடு தேடிச் சென்றார்கள். 373 குழந்தைகள் இறுதிவரை நிலைத்திருந்தனர். முன்னர் மெக்சிகோவில் 200 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இருமுறை தொற்று வந்தாலே கடுமையான வயிற்றுப்போக்கிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைத்தது. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். 2011-இல் வெளியான இம்முடிவு, அயல்நாட்டுக் கணக்கை வைத்து நம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முடிவுசெய்ய முடியாது என்பதை உறுதிப்படுத்தியது. தில்லியில் பிறந்த சிசுக்களிடம் கண்டெடுத்த வைரஸ் வகையிலிருந்து உருவான தடுப்பு மருந்து, தில்லி, புணே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. 2016 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்தது. தவணைக்கு ஒரு டாலர் அளவில் அறிவிக்கப்பட்ட மருந்து அது. குழந்தையின் வயிற்றுப்போக்கால் காலணித் தொழிற்சாலைக்கோ பீடி சுற்றவோ போக முடியாத தாய் இழக்கும் நாள்கூலியோடு ஒப்பிட்டால், இதைவிடக் குறைந்த செலவில் கூடுதல் பயன் தரும் பொதுமுதலீட்டைக் காண்பது அரிது.

மருத்துவமனை வாசலில் நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அந்த வரிசையின் நீளத்தைக் குறைப்பதற்குத்தான் என்பதே என் பதில்.

இந்த வட்டாரத்தில் எண்ணப்பட வேண்டியவை வேறும் இருக்கின்றன. 1996-இல் உச்ச நீதிமன்றம், பாலாற்றுப் படுகையைக் கெடுத்த தோல் பதனிடும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, பாதிக்கப்பட்டோரின் இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையத்தை அமைக்கச் சொன்னது. நிலத்துக்கும் கிணற்றுக்கும் விலை வைக்க நமக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் குரோமியக் கழிவு குவிந்து கிடந்த ராணிப்பேட்டையிலும், ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும் பிறக்கும் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் இரத்தத்தையும் பத்தாண்டுகள் தொடர்ந்து அளக்கும் ஆய்வு ஒன்றை மாநில அரசு தன் செலவில், மருத்துவக் கல்லூரிகளின் வழியே நடத்த வேண்டும். அதற்கான களப்பணியாளர்களை அந்தந்த ஊர்ப் பெண்களிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.