மாமனார் மந்திரிசபையை உலுக்கிய மருமகன்

பெரோஸ் காந்தி, பிரதம மந்திரி நேருவின் மருமகன். 1952-ல் லோக்சபைக்கு வந்தும், முதல் மூன்று ஆண்டுகள் பின்வரிசையில் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார்.

1955 டிசம்பரில் எழுந்தார். டால்மியா கோஷ்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர் பணம் போன வழியைப் புட்டுப் புட்டு வைத்தார். சபை திகைத்தது! மறுமாதமே ஆயுள் இன்சூரன்ஸ் சர்க்கார் வசமாயிற்று.

சபைப் பேச்சை வெளியிடும் பத்திரிகைகள் மீது வழக்கு வரக்கூடாதே! அதற்கும் மசோதா கொண்டு வந்தார். 1956-ல் சட்டமாயிற்று.

1957 டிசம்பர் 16. முந்திராவின் கம்பெனிப் பங்குகளில் ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயைப் போட்டது ஏன் என்று கேட்டார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

1960 செப்டம்பர் 8-ல் பெரோஸ் மாரடைப்பால் காலமானார். வயது 47தான்.

அவருடைய பத்திரிகைச் சட்டத்தை, நெருக்கடி நிலையின்போது ரத்து செய்தது மனைவி இந்திராவின் சர்க்கார்! 1977-ல் அது திரும்பி வந்தது.